மடிக்கும் டிரெட்மில்: நடுத்தர விலையில் எதை வாங்குவது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் காலை நடை நின்றுபோகும்போதும், சித்திரை வெயில் ஏழு மணிக்கே உறைக்கத் தொடங்கும்போதும் டிரெட்மில் பற்றிய கேள்விகள் கூடிவிடுகின்றன. அண்மையில் வாசகர்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒரே வடிவில் இருந்தன: கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது; வீடு சென்னையிலோ கோவையிலோ இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககம்; கணவன் மனைவி இருவரும் பயன்படுத்துவார்கள்; எதை வாங்கலாம்?

இதற்கு ஒரு மாடலின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. இந்த விலையில் விற்கும் இயந்திரங்களின் பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன. உள்ளே இருக்கும் மோட்டார், காலடியில் ஓடும் பட்டை, சட்டம் ஆகியவற்றின் தரவரிசை அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. ஆகவே, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பதை முதலில் வரையறுத்துவிட்டு, சந்தையில் கிடைக்கும் நான்கு வழிகளை அந்த அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம். அந்த நான்கு வழிகள்: தட்டையான வாக்கிங் பேட், கையால் சாய்வை மாற்றும் மடிப்பு டிரெட்மில், பொத்தானை அழுத்தினால் தானே சாயும் மடிப்பு டிரெட்மில், பிறர் பயன்படுத்திய பெரிய டிரெட்மில்.

## அளவுகோல்கள்

### யார், எந்த வேகத்தில்?

விறுவிறுப்பான நடை என்பது மணிக்கு 5 முதல் 6 கி.மீ. வரை. ஏறத்தாழ 7 கி.மீ. வேகத்தில் பெரும்பாலானோரின் கால்கள் தாமாகவே ஓட்டத்துக்கு மாறிவிடுகின்றன. நடக்கும்போது ஒவ்வொரு காலடியிலும் தரையில் இறங்கும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம். ஓடும்போது அது இரண்டு மடங்குக்கும் மேல். இயந்திரத்தின் ஆயுளும் கீழ்வீட்டுக்காரரின் பொறுமையும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தவை. 14 கி.மீ. வேகம் என்று அட்டையில் எழுதியிருப்பதால் அந்த இயந்திரத்தில் அந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓடலாம் என்று பொருளாகாது.

அடுத்தது எடை. அட்டையில் உள்ள எடை வரம்பு 100 கிலோ என்றால், வீட்டில் மிக அதிக எடையுள்ளவர் 80 கிலோவுக்கு உட்பட்டிருப்பது நல்லது. வரம்பை ஒட்டிப் பயன்படுத்தினால் பட்டைக்கும் அடிப்பலகைக்கும் இடையே உராய்வு கூடும், மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், அதைக் கட்டுப்படுத்தும் மின்பலகை சூடேறும்.

### மோட்டார்: எண்ணை நம்பாமல் பிளக்கைப் பாருங்கள்

விளம்பரங்களில் மிகப் பெரிதாக அச்சிடப்படுவது குதிரைத்திறன். 4 எச்பி, 5 எச்பி என்று இருபத்தையாயிரம் ரூபாய் இயந்திரத்திலும் எழுதியிருக்கும். இவை பெரும்பாலும் உச்சத்திறன், அதாவது மோட்டார் சில நொடிகள் மட்டுமே எட்டக்கூடிய அளவு. நமக்கு வேண்டியது அது தொடர்ந்து தரும் திறன்.

இதைச் சரிபார்க்க எளிய கணக்கு உண்டு. ஒரு குதிரைத்திறன் 746 வாட். நம் வீட்டுச் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அதன் வழியாக அதிகபட்சம் 1,380 வாட் வரலாம். இழப்பு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அது 1.85 எச்பி. ஆக, 6 ஆம்பியர் பிளக்குடன் வரும் எந்த டிரெட்மில்லும், அட்டை என்ன சொன்னாலும், தொடர்ச்சியாக 2 எச்பி தர இயலாது. 16 ஆம்பியர் பிளக்குடன் வருவதாலேயே ஒன்று வலுவானதாகிவிடாது. எனினும் அதற்கு வாய்ப்பாவது இருக்கிறது. நடப்பவர்களுக்குத் தொடர்ச்சியான 1.5 எச்பி போதும். மெல்லோட்டத்துக்கு 2 எச்பியும், முறையான ஓட்டத்துக்கு 2.5 எச்பியும் வேண்டும். விற்பனையாளரிடம் தொடர்திறன் எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால், அட்டையில் உள்ள எண்ணில் பாதியை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

### பட்டையின் அளவு

மணிக்கு 6 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 120 அடி வைத்து நடப்பவரின் ஒரு காலடி ஏறத்தாழ 83 செ.மீ. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுபவருக்கு அது ஒரு மீட்டரைத் தொடும். ஓடும்போது இதில் ஒரு பகுதி காற்றில் கழிகிறது என்றாலும், ஓடுபவர் முன்னும் பின்னும் சற்று நகர்ந்துகொண்டே இருப்பதால் அதற்கும் இடம் வேண்டும். நடைக்கு 110 முதல் 120 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் போதும். ஓடுவதானால் 130 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் குறைந்தபட்சம், ஆறடி உயரமுள்ளவருக்கு 140 செ.மீ. வேண்டும். கடைப்பக்கங்களில் இயந்திரத்தின் மொத்த நீளத்தையும் பட்டையின் நீளத்தையும் குழப்பிப் போடுவது சாதாரணம் என்பதால், இரண்டையும் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

### சாய்வு

வாங்குவோர் மிகக் குறைவாகக் கவனிப்பது இதுதான். நடுத்தர வயதினருக்கு மிக அதிகப் பயன் தருவதும் இதுதான் என்பது என் கருத்து. நடைப்பயிற்சியின் ஆக்சிஜன் தேவையைக் கணக்கிட அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வகுத்த வாய்பாடு ஒன்று உண்டு. அதன்படி, மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடப்பவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 மி.லி. ஆக்சிஜன் தேவை. அதே வேகத்தில் 5 சதவீதச் சாய்வில் நடந்தால் 19 மி.லி. தேவைப்படும். வேகத்தைத் தொடாமலே உழைப்பு 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. ஓட்டத்தின் அதிர்ச்சியை முழங்காலுக்குத் தராமல் இதயத்துக்கு வேலை தர இதைவிட நல்ல வழி இந்த இயந்திரத்தில் இல்லை. கணுக்கால் பின்தசையிலோ குதிகாலிலோ ஏற்கெனவே வலி உள்ளவர்கள் மட்டும் சாய்வைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: '15 நிலைச் சாய்வு' என்றால் 15 சதவீதம் என்று பொருளில்லை. சில இயந்திரங்களில் பதினைந்தாவது நிலையே ஏழெட்டு சதவீதத்தில் நின்றுவிடும்.

### இடமும் உயரமும்

மடிக்கும் டிரெட்மில் மடித்தாலும் மறைந்துவிடாது. நிமிர்த்தி மடித்த நிலையிலும் அது ஒரு சிறிய பீரோ அளவுக்கு நிற்கும். 45 முதல் 70 கிலோ எடையும் இருக்கும். சக்கரங்கள் டைல்ஸ் தரையில் உருளும், ஆனால் அறைக்கு அறை உள்ள நிலைப்படியைத் தாண்டாது. ஆகவே, ஓர் அறையில் மடித்து வைத்து இன்னோர் அறையில் விரித்து நடக்கலாம் என்ற எண்ணத்தில் வாங்குவோர் இரண்டாவது வாரத்திலேயே அதை ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். விரித்தபடியே வைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. இயந்திரத்துக்குப் பின்னால் குறைந்தது ஒன்றரை மீட்டர் வெற்றிடம் வேண்டும்; பின்பக்கம் சுவர் இருந்தால், கால் தவறி விழுபவர் பட்டைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கிக்கொள்வார்.

உயரத்தைப் பலர் அளப்பதே இல்லை. அடிப்பலகை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் இருக்கும், 10 சதவீதச் சாய்வில் முன்பகுதி இன்னும் பத்து செ.மீ.க்கு மேல் எழும். 175 செ.மீ. உயரமுள்ளவர் அதன் மேல் நடந்தால் தலை இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். ஏழடியில் பரண் உள்ள படுக்கையறைகளில், பரணுக்குக் கீழே இதை வைக்கவே கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பதும் அப்படியே. பால்கனியில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று திருகுகளையும் மின் இணைப்புகளையும் அரித்துவிடும். மற்ற இடங்களில் சாரலும் தூசியும் அந்த வேலையைச் செய்யும்.

### மின்சாரம்

எர்த் இணைப்புள்ள தனி பிளக் கட்டாயம் வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் இணைக்கக் கூடாது. அந்த பிளக் வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்தால் எலெக்ட்ரீஷியனை அழைத்து அதை நீக்கிவிடுங்கள். விளக்குக்கும் விசிறிக்குமான இன்வெர்ட்டர் இதன் சுமையைத் தாங்காது.

மின்செலவு அச்சப்படும் அளவுக்கு இல்லை. நடைவேகத்தில் சராசரியாக 500 வாட் என்று கொண்டால், நாளுக்கு 45 நிமிடம் நடப்பவர் இரண்டு மாதத்தில் 22 யூனிட் செலவிடுவார். இருவர் என்றால் 45 யூனிட். ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுக்கு முறையில் கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளோடு அதற்குக் கீழுள்ள ஒரு பகுதிக்கும் விலை உயர்கிறது. ஏற்கெனவே 470 யூனிட்டில் நிற்கும் வீடு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

### பழுதுபார்ப்பு

மோட்டாருக்கு மூன்று ஆண்டு, சட்டத்துக்குப் பத்து ஆண்டு உத்தரவாதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் தொல்லை தருவது மின்பலகையும் பட்டையும்; அவை பெரும்பாலும் ஓராண்டு உத்தரவாதத்தில்தான் அடங்கும். வாங்குமுன், உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு வீட்டுக்கு வந்து பழுதுபார்க்கும் சேவை உண்டா, வருகைக் கட்டணம் எவ்வளவு, மின்பலகை கையிருப்பில் இருக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். சென்னையில் இருப்பவருக்குக் கிடைக்கும் சேவை தென்காசியில் இருப்பவருக்குக் கிடைக்கும் என்பதில்லை.

## நான்கு வழிகள் ஒரே பார்வையில்

விலைகள் தோராயமானவை, விழாக்காலத் தள்ளுபடியில் இறங்கும்.

| | வாக்கிங் பேட் | கைச் சாய்வு மடிப்பு | தானியங்கிச் சாய்வு மடிப்பு | பயன்படுத்திய பெரிய டிரெட்மில் |
|---|---|---|---|---|
| விலை (ரூபாய்) | 12,000 – 25,000 | 22,000 – 38,000 | 40,000 – 65,000 | 20,000 – 50,000 |
| ஏற்ற வேகம் | நடை மட்டும் | நடை, சிறிது மெல்லோட்டம் | நடை, மெல்லோட்டம் | ஓட்டம் உட்பட |
| சாய்வு | பெரும்பாலும் இல்லை | இறங்கி மாற்ற வேண்டும் | நடந்தபடியே மாற்றலாம் | பெரும்பாலும் உண்டு |
| இடம் | கட்டிலடியில் போகும் | சுவரோரம் நிற்கும் | சுவரோரம், கனம் அதிகம் | நிலையான இடம் வேண்டும் |
| மறைவான செலவு | விரைவில் மாற்ற நேரலாம் | பட்டைப் பராமரிப்பு | சாய்வு மோட்டாரின் பழுது | போக்குவரத்து, உதிரிபாகம் |

## வாக்கிங் பேட்

இதன் உயரம் பத்துப் பன்னிரண்டு செ.மீ.தான், எடை 20 முதல் 30 கிலோ. கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். வீட்டிலிருந்து கணினியில் வேலை பார்ப்பவர், உயர மேசைக்குக் கீழே இதைப் போட்டு மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் மெதுவாக நடந்துகொண்டே கூட்டங்களைக் கேட்கலாம். அந்தப் பயனுக்கு இதை மிஞ்சியது இல்லை.

முதன்மை உடற்பயிற்சிக் கருவியாக மட்டும் இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதை இருவர் இந்தச் சிறிய மோட்டாரில் நாள்தோறும் நிறைவேற்றினால் அது நெடுநாள் தாங்காது. கைப்பிடி இல்லாததும் ஒரு குறை. நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் அறுபதைக் கடந்தவர்களும் கைப்பிடியில்லாத பட்டையில் ஏறக் கூடாது. அம்மா அப்பாவுக்காக வாங்குகிறேன் என்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

## கையால் சாய்வை மாற்றும் மடிப்பு டிரெட்மில்

சந்தையில் அதிகம் விற்பது இது. பவர்மேக்ஸ், ஃபிட்கிட், லைஃப்லாங், கல்ட் போன்ற பெயர்களில் இணையக் கடைகளை நிறைத்திருப்பவற்றில் பெரும்பகுதி இவ்வகைதான். நாளுக்கு ஒருவரோ இருவரோ அரைமணி நேரம் நடப்பதற்கு இதுவே போதுமானது.

இதன் சாய்வு பெயரளவிலானது. மூன்று நிலைகள் இருக்கும். மாற்ற வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கி ஆணியை மாற்ற வேண்டும். நடைமுறையில் யாரும் நாள்தோறும் அதைச் செய்வதில்லை. ஒரு நிலையில் வைத்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனவே முதல் நாளிலேயே நடுநிலையில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இவ்வகையில் விலையை ஏற்றுவது பெரும்பாலும் திரை, புளூடூத் ஒலிபெருக்கி, செயலி, மசாஜர் ஆகியவை. மசாஜர் பட்டை தொங்கும் இயந்திரம் ஐயாயிரம் ரூபாய் கூடுதலாக விற்கும். அந்த ஐயாயிரத்தில் நடக்கும் பட்டை பத்து செ.மீ. நீளமான வேறோர் இயந்திரம் கிடைக்கக்கூடும். செயலியில் மாதச் சந்தா கேட்கிறார்களா, சந்தா இல்லாமல் எல்லாப் பொத்தான்களும் இயங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கையிலுள்ள செல்பேசியும் ஒரு விசிறியும் இந்த வசதிகள் அனைத்துக்கும் ஈடாகும்.

பட்டைக்குக் கீழே சிலிக்கோன் எண்ணெய் இடுவது இவ்வகையின் தவிர்க்க முடியாத பராமரிப்பு. மாதத்துக்கு ஒருமுறை பட்டையின் விளிம்பைத் தூக்கி அடிப்பலகையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் வழவழப்பு ஒட்டவில்லையென்றால் எண்ணெய் இடும் நேரம் வந்துவிட்டது. உலர்ந்த பட்டை மோட்டாரைத் திணறடிக்கும். மின்பலகை எரிவதற்கு அதுவே முக்கியக் காரணம். தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் எதையும் அதற்குப் பதிலாக ஊற்றக் கூடாது.

## தானே சாயும் மடிப்பு டிரெட்மில்

முன்சொன்ன வகைக்கும் இதற்கும் இடையே பதினைந்தாயிரம் ரூபாய் வரை வேறுபாடு இருக்கிறது. அந்தப் பணத்துக்கு மூன்று பொருள்கள் கிடைக்கின்றன: சாய்வை மாற்ற ஒரு தனி மோட்டார், சற்று அகலமான பட்டை, தள்ளினால் மெதுவாகத் தரையில் இறங்கும் ஹைட்ராலிக் மடிப்பு. கடைசியாகச் சொன்னதைச் சிறிய வசதி என்று எண்ண வேண்டாம். அது இல்லாத இயந்திரத்தில் முப்பது கிலோ எடையுள்ள அடிப்பலகையைக் கையால் தாங்கி இறக்க வேண்டும், முதுகுவலி உள்ளவருக்கு அது இயலாது.

சாய்வின் பயனை மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு, முழங்காலைக் காக்க எண்ணி, ஓட விரும்பாமல், அதே நேரம் வெறும் நடையில் மூச்சு வாங்குவதில்லை என்று உணர்பவர்களுக்கு இந்தப் பதினைந்தாயிரம் வீண்செலவாகாது. ஆனால் இயங்கும் உறுப்பு ஒன்று கூடுவதால் பழுதுக்கும் ஓர் இடம் கூடுகிறது. சாய்வு மோட்டார் உத்தரவாதத்தில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். 'மோட்டார் உத்தரவாதம்' என்ற சொல் பட்டையை ஓட்டும் மோட்டாரை மட்டும் குறிக்கலாம்.

எடை 60 கிலோவைத் தாண்டுவதால், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏற்றுவது வாங்குபவர் பொறுப்பாகிவிடும். பெட்டி ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமானது; பழைய அடுக்ககங்களின் சிறிய மின்தூக்கியில் நுழையுமா என்று முன்பே அளந்துவிட வேண்டும்.

## பயன்படுத்திய பெரிய டிரெட்மில்

உண்மையாகவே ஓடுபவர்கள், அதாவது வாரத்தில் நான்கு நாள் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடுபவர்கள், இந்த விலையில் புதிய மடிப்பு இயந்திரம் எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது. 50 செ.மீ. அகலப் பட்டையும் கனமான சட்டமும் உள்ள, ஒரு லட்சத்துக்கு மேல் விலைகொடுத்து வாங்கப்பட்டு இரண்டாண்டு துணி காயப்போடப் பயன்பட்ட இயந்திரங்கள், வீடு மாறுபவர்களிடமிருந்து பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன.

பார்க்கப் போகும்போது காலணியோடு போய், முப்பது நிமிடம் தொடர்ந்து நடந்தும் ஓடியும் பார்க்க வேண்டும். விற்பவர் ஐந்து நிமிடத்தில் நிறுத்தச் சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பட்டையின் நடுவே தேய்ந்து பளபளக்கிறதா, எரிந்த வாடை வருகிறதா, காலை ஊன்றும்போது பட்டை நொடிப்பொழுது நின்று நகர்கிறதா என்று கவனியுங்கள். அந்த நிறுவனம் இன்னும் உதிரிபாகம் விற்கிறதா என்பதை வாங்குமுன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்வது மிக முக்கியம். இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பிரித்து, ஏற்றி, இறக்கி, மீண்டும் பூட்டுவதற்கான கூலியையும் விலையோடு சேர்த்தே பேச வேண்டும்.

## எல்லா வழிகளுக்கும் பொதுவான சில

வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதில், வட்டி பெரும்பாலும் தள்ளுபடியாகக் கழிக்கப்படும். ஆனால் அந்த வட்டியின் மேல் விதிக்கப்படும் ஜிஎஸ்டியும் வங்கியின் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில் விழும். ரப்பர் விரிப்பு, சிலிக்கோன் எண்ணெய், தேவையானால் புதிய 16 ஆம்பியர் பிளக் ஆகியவற்றுக்கு மூன்று நான்காயிரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். விரிப்பு அதிர்வைக் குறைக்குமே தவிர நீக்காது. காலை ஐந்து மணிக்கு ஓட நினைப்பவர் கீழ்வீட்டில் ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், இயந்திரம் இயங்கத் தேவையான பாதுகாப்புச் சாவியை ஒவ்வொரு முறையும் கழற்றி உயரத்தில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 2021 மே மாதம், ஒரு குழந்தையின் மரணத்துக்கும் பல காயங்களுக்கும் பின், பெலோட்டான் நிறுவனம் தன் டிரெட் பிளஸ் இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. பட்டையின் பின்பகுதியில் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் இழுத்துக்கொள்ளப்பட்டதே காரணம். விலை உயர்ந்த இயந்திரமும் இதற்கு விலக்கில்லை. தவழும் வயதுக் குழந்தை இருந்தால், நடந்து முடித்ததும் நிமிர்த்தி மடித்துப் பூட்டிவைக்க முடிவது மடிப்பு வகையின் உண்மையான பயன்.

## நாற்பதாயிரம் ரூபாய் கேள்விக்கு

இருவரும் நடப்பவர்கள், முழங்கால் வலி இல்லை என்றால், முப்பதாயிரத்தை ஒட்டிய கைச் சாய்வு வகையில் 120 செ.மீ. பட்டையுள்ள ஒன்றை வாங்கி, மீதிப் பணத்தைப் பராமரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்காவது முழங்கால் தொல்லை இருந்தாலோ, மருத்துவர் இன்னும் கடினமாகப் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தாலோ, ஐந்தாயிரம் கூட்டித் தானியங்கிச் சாய்வுக்குப் போகலாம். அதற்காகத் திரையின் அளவையும் ஒலிபெருக்கியையும் விட்டுக்கொடுங்கள். பட்டையின் நீளத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒருவர் ஓடுபவராகவும் மற்றவர் நடப்பவராகவும் இருந்தால், ஓடுபவரின் தேவையே இயந்திரத்தைத் தீர்மானிக்க வேண்டும். நடைப்பழக்கமே இன்னும் தொடங்காத வீட்டுக்கு, மூன்று மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது மலிவான சோதனை. பெருநகரங்களில் இதற்கு வசதி இருக்கிறது.

பூட்டிய இயந்திரத்தைப் பல கடைகள் திரும்பப் பெறுவதில்லை, பழுது இருந்தால் மாற்றித் தருவதோடு சரி. ஆகவே பெட்டியைப் பிரிப்பதைக் காணொளியாக எடுத்துக்கொண்டு, பூட்டியவர் கிளம்புமுன் வீட்டில் எடை அதிகமானவரை இருபது நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். பட்டை ஒருபக்கமாக ஒதுங்கினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கப் பின்திருகை ஆலன் சாவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி, ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதையும் அவர் கையாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.